மேலே தண்ணி எப்படிக் கெடக்கு? தாமிரபரணியில் ஒரு துடுப்புப் பயணம்

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணிக்கு நீளம் சுமார் 128 கிலோமீட்டர். பிறப்பும் ஓட்டமும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி ஊட்டுவதால் வற்றாத ஆறு என்று பெயர். கார், பிசானம் என்று இரண்டு போக நெல், வழியெல்லாம் வாழை, கடைசியில் வெற்றிலைக் கொடிக்கால், உப்பளம். பாளையங்கோட்டையில் படித்த எவருக்கும் தெரிந்த பாடம்தான் இது. ஆனால் கல்லிடைக்குறிச்சிக்காரர் இந்த ஆற்றை எப்படிப் பார்க்கிறார், ஏரல்காரர் எப்படிப் பார்க்கிறார் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. ரோட்டில் போகிறவனுக்கு ஆறு பாலத்தடியில் அரை நிமிஷம் தெரிந்து மறைந்துவிடும். அதனால்தான் நானும் அம்பாசமுத்திரத்து நண்பன் ஒருவனும் காற்றடைக்கும் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஒன்றை வாங்கிக்கொண்டு ஆற்றோடு போவது என்று கிளம்பினோம்.

ஒரே மூச்சில் போகவில்லை. லீவு கிடைத்தபோதெல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். அதுவே நல்லதாகப் போயிற்று. முதல் தடவை போகும்போது படகைப் பற்றித்தான் கேட்பார்கள். இரண்டாம் தடவை அதே துறையில் கரையேறினால், "வாங்க, சாப்பிட்டியளா?" என்று உட்காரவைத்துப் பேசுவார்கள். சனங்களைப் புரிந்துகொள்ளத்தான் போகிறோம் என்றால், வேகமாகப் போவதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஊற்றுக்கண்ணிலிருந்தே துடுப்பு போடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆறு பிறக்கும் பூங்குளம் பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1988-இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. பாணதீர்த்த அருவிக்குக் கீழே காரையாறு அணை, பாபநாசம் அணை என்பதும் இதுதான். அந்த நீர்த்தேக்கத்தில் முதலைகள் உண்டு. பொழுதுபோக்குப் படகுக்கு அங்கே இடமில்லை. இருக்கவும் கூடாது என்பதுதான் என் கருத்து. மலைப்பகுதியை வனத்துறைச் சோதனைச்சாவடி வழியாக, அனுமதி உள்ள இடம் வரை, அனுமதி உள்ள நேரத்தில் பார்த்துவிட்டு வருவதே முறை.

அப்படிப் போனதில்தான் ஆற்றின் முதல் குடிகளான காணிக்காரர்களைப் பார்த்தோம். மயிலாறு, அகஸ்தியர் காணிக்குடியிருப்பு, இஞ்சிக்குழி என்று சிறு சிறு குடியிருப்புகள். இஞ்சிக்குழிக்காரர்கள் ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கீழே வர வேண்டுமென்றால் காட்டு வழியையும் அணைத் தண்ணீரையும் கடக்க வேண்டும். பேசிய பெரியவர் ஒருவர், அணையில் தண்ணீர் ஏறினால் கீழே இருக்கிற எல்லோருக்கும் சந்தோஷம், எங்களுக்கு மட்டும் அது பாதை அடைபடுவதுதான் என்றார். அணை நீர்மட்டத்தைத் தினமும் பேப்பரில் பார்த்துப் பூரிக்கிற ஊரில் வளர்ந்தவன் நான். அந்த எண்ணுக்கு இப்படி ஒரு பக்கம் உண்டு என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

அதே காட்டுக்குள், ஆற்றங்கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வந்து குடில் போட்டுத் தங்கும். அங்கே பட்டவராயன் சன்னதியில் நேர்த்திக்கடனாகத் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டிக்கொண்டு, மாடுகளைக் காக்கப் போய் உயிர் விட்டவன் என்று வில்லுப்பாட்டில் பாடுவார்கள். கீழே இறங்கினால் துறைக்குத் துறை சாதி குறுக்கே நிற்கிற இதே ஆற்றில், தலைமாட்டில் இப்படி ஒரு சாமி இருப்பதைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

பாபநாசத்துக்குக் கீழேதான் படகு இறக்க முடியும். எப்போது இறக்குவது என்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. ஐப்பசி தொடங்கி மார்கழி முடிகிற வரை ஆற்றுப்பக்கம் போகவே வேண்டாம். தை, மாசி சரியான காலம்: வெள்ளம் வடிந்திருக்கும், அணையில் தண்ணீர் இருக்கும், பிசானத்துக்குத் திறந்துவிடுவதால் ஆற்றிலும் ஓட்டம் இருக்கும். பங்குனிக்கு மேல் பாதித் தூரம் படகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதாகிவிடும். கிளம்பும் முன் பாபநாசம் அணை (143 அடி), மணிமுத்தாறு அணை (118 அடி) இரண்டின் நீர்மட்டத்தையும், எவ்வளவு கன அடி திறக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். நிரம்பிய அணையும் மேகமூட்டமும் சேர்ந்து இருந்தால் அன்றைக்கு இறங்காதீர்கள். மின் உற்பத்திக்கு விடுகிற தண்ணீரின் அளவு நாளுக்குள்ளேயே மாறும். பாபநாசத்தையொட்டிய பாறைப்பகுதியில் காலையில் முழங்காலளவு இருந்த இடம் சாயங்காலம் இடுப்பளவு ஆகும். போகிற நாளையும் இடத்தையும் எழுதி நீர்வளத் துறைப் பிரிவு அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் அந்த நகல்தான் பேசும்.

நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் 1925 ஜூனில் இறந்தது இதே பாபநாசத்தில், கல்யாண தீர்த்தத்தில்தான். அருவியில் அடித்துச் செல்லப்பட்ட மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்தார். ஐயர் சாதாரண ஆள் இல்லை, உடலை இரும்பாக வைத்திருந்தவர். அவரையே இந்தத் தண்ணீர் கொண்டுபோயிற்று.

பாபநாசம் படித்துறையில் முதலில் காலில் சிக்கியது துணி. பரிகாரம், தர்ப்பணம் முடித்து உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். டன் கணக்கில் எடுக்கிறார்கள், மறுபடி சேர்கிறது. தண்ணீருக்கு மேலே ஒன்றும் தெரியாது. துடுப்பை அழுத்தினால் கனமாகி நின்றுவிடும். இழுத்தால் ஒரு சேலை நீளமாக வரும், அதன் மடிப்புகளுக்குள் மண்ணும் சின்ன நத்தைகளும். கயாக்கின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தகட்டை (ஃபின்) இங்கே கழற்றி வைத்துவிடுங்கள். பாறையிலும் துணியிலும் மாட்டுவது அதுதான். காலுக்கு ரப்பர் செருப்பு போதாது, முன்பக்கம் மூடிய செருப்பு வேண்டும், படித்துறைகளில் பாட்டில் சில்லு கிடக்கிறது. ஓட்டை விழுந்தால் ஊர் பஞ்சர் கடையில் ஒட்டித் தருகிற ஒட்டு பி.வி.சி. துணியில் நிற்காது. அதற்கான பசையையும் ஒட்டுத்துண்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

அதற்கப்புறம் அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு. கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டுமானம், மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இவை தண்ணீரைத் தேக்கிவைக்கிற பெரிய அணைகள் இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே கல்லணை, பக்கத்தில் கால்வாய், மிச்சத் தண்ணீர் மேலே வழிந்து போகும். மேலிருந்து பார்த்தால் இரண்டு மூன்று அடி வழுக்கலாம் போலத் தெரியும். அந்த ஆசையே வேண்டாம். கீழே தண்ணீர் சுழன்று திரும்பும் இடத்தில் மாட்டினால் வெளியே வர முடியாது. தூரத்தில் இரைச்சல் கேட்டதுமே கரைக்கு வந்துவிட வேண்டும். அதிலும் கால்வாய்த் தலைமதகு இருக்கும் பக்கம் ஒதுங்கவே கூடாது. ஷட்டர் திறந்திருந்தால் தண்ணீர் அமைதியாகத் தெரியும், இழுப்பு அடியில் இருக்கும். எதிர்க்கரையில் ஏறி, படகைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து, நன்றாகக் கீழே போய் இறக்குங்கள்.

இந்தச் சுமை வேலைதான் எங்களுக்கு ஆட்களைப் பழக்கிவைத்தது. படகைத் தூக்கிக்கொண்டு வரப்பில் போகிற இரண்டு பேரைப் பார்த்தால் யாருக்குமே கை கொடுக்கத் தோன்றும். கன்னடியன் அணைக்கட்டில் அப்படிக் கை கொடுத்தவர் கல்லிடைக்குறிச்சி விவசாயி ஒருவர். கால்வாய் வெட்டிய கதையை அவர்தான் சொன்னார். கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் அகத்தியர், ஒரு பசுவின் பின்னால் போ, அது போகிற வழியில் கால்வாய் வெட்டு, அது நின்ற இடத்தில் மடை வை, படுத்த இடத்தில் குளம் வெட்டு என்றாராம். கால்வாய் இன்றைக்கும் பசு நடந்த மாதிரி வளைந்து வளைந்துதான் போகிறது என்று கையால் காட்டினார். பிறகு குரல் மாறி, "இவ்வளவு பாடுபட்டும் என்ன, மழைக்காலத்துல பூராத் தண்ணியும் வீணாக் கடலுக்குத்தான போகுது" என்றார். இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமல்லி தாண்டும் வரை கரையில் பேசிய விவசாயிகள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் இதையே சொன்னார்கள்.

படித்துறைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆற்றில் ஊர் என்பதே படித்துறைதான். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை குளியல், துவைப்பு, பாத்திரம், பேச்சு எல்லாம் அங்கே. பெண்கள் குளிக்கும் துறைக்கு முன்னால் படகில் போவது மரியாதைக் குறைச்சல். எங்களுக்குக் கைகொடுத்த வழி இது: தூரத்திலேயே துடுப்பை நிறுத்திவிட்டு, "ஆச்சி, அந்தக் கரையோரமாப் போயிக்கிடுதோம்" என்று குரல் கொடுப்போம். பதில் வந்த பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்க்கரையை ஒட்டிப் போவோம். போன், கேமரா இரண்டும் பைக்குள் போய்விட வேண்டும், கையில் இருந்தாலே சந்தேகம்தான். இதைச் செய்தால் அடுத்த துறைக்கு உங்களைப் பற்றி நல்ல பேச்சு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். ஆற்றங்கரையில் செய்தி நம் படகைவிட வேகம்.

இன்னொன்று. சில ஊர்களில் இன்ன துறை இன்னாருக்கு என்ற வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. "அது அவங்க துறை, இங்க வாங்க" என்று எங்களைக் கூப்பிட்டார்கள். நீங்கள் எங்கே படகைக் கட்டுகிறீர்கள் என்பதை வைத்தே நீங்கள் யார் பக்கம் என்று ஊர் முடிவு செய்துவிடும். அதனால் கோயில் மண்டபம், பாலத்தடி, டீக்கடை போன்ற பொது இடத்தில் கட்டிவிட்டு, இரண்டு தெருவுக்கும் நடந்தே போங்கள். ஒரு தெருவில் மட்டும் டீ குடித்துவிட்டு வந்து ஊரைத் தெரிந்துகொண்டோம் என்று எழுதுவது நியாயமே இல்லை.

அதிகாலையில் வலை கட்டியிருப்பார்கள். தெர்மோகோல் துண்டோ காலி பாட்டிலோ வரிசையாக மிதந்தால் அடியில் வலை. துடுப்பைத் தூக்கிக்கொண்டு, வலைக்காரரைக் கேட்டுவிட்டு, அவர் காட்டும் இடத்தில் தாண்டுங்கள். ஒரு வலை கிழிந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வாரக் கூலி போச்சு.

என்ன கேட்பது என்பதும் ஒரு பழக்கம். "ஆறு முன்னாடி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், தெளிந்த தண்ணீர், மணல் திட்டு, நாணல் என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். "உங்க வீட்டுக் குழாய்ல வர்ற தண்ணி எங்கேயிருந்து வருது? ஆத்துத் தண்ணியக் கடைசியா எப்ப அப்படியே குடிச்சிய?" என்று கேளுங்கள். முகம் யோசிக்கத் தொடங்கும். முக்கூடலில் பீடி சுற்றும் அக்கா ஒருவர் இந்தக் கேள்விக்கு வருஷம் சொல்லவில்லை, மூத்த மகளுக்கு மஞ்சள் காமாலை வந்ததைச் சொன்னார். அதற்கு முன்னால் குடித்தது, பின்னால் குடிக்கவில்லை.

எங்களிடம் அவர்கள் கேட்ட கேள்விதான் இந்தப் பயணத்தை வேறு மாதிரி ஆக்கியது. எந்தத் துறையில் ஒதுங்கினாலும், பெயர், ஊர் விசாரித்து முடிந்ததும் வரும்: "மேல தண்ணி எப்படிக் கெடக்கு?" திருப்புடைமருதூரில் கேட்டார்கள், சேரன்மகாதேவியில் கேட்டார்கள், கோடகநல்லூரில் கேட்டார்கள். மேலே மழையா, மேலே எத்தனை மோட்டார் ஓடுகிறது, மேலே யார் சாக்கடை விடுகிறார்கள். நாங்களும் பார்த்ததைச் சொல்வோம். கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது: யாருமே கீழே எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. மேலே இருக்கிறவர் செய்வது நம்மைத் தொடும், நாம் செய்வது யாரைத் தொடும் என்பது எல்லோர் கண்ணுக்கும் மறைவாக இருக்கிறது. அதற்குப் பிறகு எங்கே பேசினாலும் கடைசியில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டோம்: "கீழ இருக்கவங்ககிட்ட ஏதும் சொல்லணுமா?" முதலில் சிரிப்பார்கள். அப்புறம் சொல்வார்கள்.

பத்தமடைப் பாய் நெய்கிற ஒரு பெரியம்மா சொன்னதை இங்கே எழுத வேண்டும். 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்குப் போன பாய் இவர்கள் ஊரில் நெய்ததுதான். கோரைப்புல்லைக் காயவைத்து, கீறி, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துத்தான் தறிக்கு ஏற்றுவார்கள். ஊறிய நாரை எடுத்து என் புறங்கையில் தேய்த்துக் காட்டினார், பட்டு மாதிரி இருந்தது. பிறகு இன்னொரு நாரை எடுத்தார். லேசான சொரசொரப்பு, ஓரத்தில் கறுப்பு. தண்ணீர் தேங்கிக் கிடந்தபோது ஊறப்போட்டதாம். ஓட்டம் இருந்தால்தான் நார் வெளுக்கும். "மேல இருக்கவங்ககிட்ட சொல்லுங்க, எங்களுக்குத் தண்ணி நிறைய வேண்டாம், ஓடுனாப் போதும்" என்றார். தண்ணீரை ஏக்கர் கணக்கிலும் கன அடியிலும் பேசுகிற யாரும் இப்படி ஒரு தேவையைக் கணக்கில் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

திருநெல்வேலிக்குள் நுழையும்போது குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயில், வெள்ளத்தை எதிர்கொள்ளும் பக்கம் படகின் முனை போலக் கூராகக் கட்டப்பட்டது. ஒவ்வொரு வெள்ளத்திலும் மூழ்குகிறது, உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப்போகிறார்கள், தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுத் திரும்புகிறார்கள். ஆற்றுக்கு அதன் இடத்தைக் கொடுத்துவிட்டு அதோடு வாழ்வதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்க்கவில்லை.

அதைத் தாண்டியதும் சாக்கடை வாய்கள். பேருந்தில் போனால் தெரியாது, படகில் மூக்குக்கு நேரே வரும். 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இந்தப் பகுதியில் நாங்கள் முகத்தில் தண்ணீர் தெறிக்காமல் மெதுவாகத் துடுப்பு போட்டோம். காயம் இருந்தால் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள், கரையேறியதும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். அல்லது இந்தத் துண்டைக் கரையோரம் நடந்தே பாருங்கள், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

1843-இல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்த பாலத்தடியில் போகும்போது, கொக்கிரகுளம் கரையைப் பார்த்துக்கொண்டே போனோம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்த ஊர்வலத்தில் தடியடி நடந்து, ஓட வழியின்றி ஆற்றில் இறங்கியவர்கள் உட்பட 17 பேர் உயிரிழந்த இடம் அது. மாஞ்சோலையில் பெய்கிற மழை மணிமுத்தாறு வழியாக இந்த ஆற்றுக்குத்தான் வருகிறது. அந்த மலையில் கொழுந்து பறித்தவர்களை மலையடிவாரத்து ஊர்களில் நினைவுகூர்ந்து பேசினார்கள், நகரத்தில் படித்துறையில் நின்ற இளைஞர்களுக்கு அந்தத் தேதி தெரியவில்லை. நாங்கள் சொன்னோம்.

சீவலப்பேரியில் சிற்றாறு வந்து சேர்கிறது. அதற்குக் கீழே முறப்பநாடு. ஆற்றுக்குள் நிற்கும் குடிநீர் உறைகிணறுகளையும் குழாய்ப் பாலங்களையும் விட்டு விலகியே போங்கள், அடியில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். மணல் அள்ளிய பள்ளங்கள் அதைவிட மோசம். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த அடி ஆளை முழுங்கும். படகை விட்டு இறங்கும் முன் துடுப்பால் தட்டிப் பாருங்கள். இரவில் ஆற்றுமணலில் தங்குவதும் லாரிகளைப் படம் எடுப்பதும் வேண்டவே வேண்டாம். மணல் கொள்ளையைப் பற்றிப் புகார் கொடுத்த முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் 2023 ஏப்ரலில் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த ஊரில் ஆற்றைப் பற்றிக் கேட்டால் சனங்கள் முதலில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்கள். வற்புறுத்தாதீர்கள். நாம் போய்விடுவோம், அவர்கள் அங்கேயே இருக்க வேண்டும்.

மருதூர் தாண்டினால் தென்கரையில் ஆதிச்சநல்லூர் பரம்பு, பழங்காலத்து ஈமத்தாழிகள் புதைந்த மேடு. 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டிய இடம், பின்னர் 2004-இலிருந்து மறுபடி ஆய்வுகள். ஆற்றிலிருந்து ஏறிப் பார்த்தால், செத்தவர்களைப் புதைக்க மேட்டையும் வாழ கரையையும் அந்தக் காலத்திலேயே பிரித்து வைத்திருந்தது புரிகிறது.

ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால் இரண்டும் பிரிகின்றன.  அணைக்கட்டுக்கு மேலே அமலைச்செடி (ஆகாயத்தாமரை) பச்சைப் பாய் விரித்திருந்தது. அதில் துடுப்பு போட முயலாதீர்கள், கையால் விலக்கி விலக்கித் தோள்பட்டை போய்விடும். கரையேறிச் சுமப்பதே சுலபம். அணைக்கட்டுக்குக் கீழே ஆறு சட்டென்று மெலிந்துவிடுகிறது. வற்றாத ஆறு என்ற பெயர் இங்கே வருவோருக்குப் புரியாது.

ஆனால் இங்கே எல்லோரும் பேசியது வெள்ளத்தைப் பற்றி. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுபோய் நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியில் பொங்கிப் போட்டார்கள், அவர்கள் வீடுகளிலும் தண்ணீர் நின்றபோது. ஏரல் பாலத்தின் சாலை அறுத்துக்கொண்டு போனது. "மேல தண்ணி எப்படி" என்று ஏரலில் கேட்டபோது அந்தக் கேள்வியில் பயம் இருந்தது. அணை திறக்கிற செய்தி இங்கே வந்து சேர்வதற்குள் தண்ணீர் வந்துவிடும் என்றார் பாத்திரக் கடை அண்ணாச்சி ஒருவர். கீழே இருக்கவங்களிடம் என்ன சொல்லணும் என்றதற்கு, "ஆத்தூர்ல எனக்கு நாலு பேர் நம்பர் இருக்கு, இப்ப நானே கூப்பிட்டுச் சொல்லிருவேன்" என்றார்.

ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே கடைசித் தண்ணீர். முக்காணிக்குப் பக்கத்தில் கடல்நீர் உள்ளே ஏறாமலிருக்கத் தடுப்பணை போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே உப்பும் நன்னீரும் கலந்த கழிமுகம். பதினோரு மணிக்கு மேல் கடற்காற்று எதிரே அடித்தால் கயாக் பின்னாலேயே போகும். விடியும்போதே கிளம்பி முடித்துவிடுங்கள். குடிதண்ணீர் இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்க ஒரு சொட்டு கிடைக்காத இடம் இது. அலையாத்திச் செடிகளின் வேர்கள் கயாக்கைக் குத்தும், நடுவிலேயே போங்கள். முகத்துவாரத்துக்கு வெளியே கயாக்கில் போகவே கூடாது. கடலைத் தொட்டே ஆக வேண்டுமென்றால் மீனவர்களைக் கேட்டு அவர்கள் வள்ளத்தில் போகலாம்.

பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயலுக்கு நடுவே கிடக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போக, துறைமுகம் பழையகாயலுக்கும் பிறகு புன்னைக்காயலுக்கும் நகர்ந்தது. ஹென்றிக் ஹென்றிக்ஸ் பாதிரியார் தங்கித் தமிழில் எழுதிய ஊர் புன்னைக்காயல். இன்று அங்கே வள்ளமும் வலையும் நண்டும்தான் பேச்சு.

வள்ளத்தைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த மீனவர் ஒருவரும் அதையேதான் கேட்டார்: "மேல எம்புட்டுத் தண்ணி வருது?" ஆனால் காரணம் வேறு. ஆற்றில் தண்ணீர் வேகமாக வந்தால்தான் முகத்துவாரத்து மணல் அறுபடும். வராத வருஷம் மணல் திட்டு கட்டி, வள்ளம் தரைதட்டும், அலை நேரம் பார்த்துக் காத்துக் கிடக்க வேண்டும். நன்னீர் இறங்கினால்தான் கழிமுகத்தில் இறால் குஞ்சு பிடிக்கும். துடுப்பை வாங்கித் திட்டின் மேல் குத்திக் காட்டினார், அரை அடிகூட இறங்கவில்லை. கல்லிடைக்குறிச்சியிலிருந்து வீணாகப் போகிறது என்று கேட்டுக்கொண்டே வந்த தண்ணீருக்கு இங்கே இவர் காத்திருந்தார்.

இதனால் மேலே இருக்கிறவர்கள் சொல்வது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கன்னடியன் கால்வாயிலிருந்து வெள்ள நீரைச் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் கொண்டுபோகும் இணைப்புக் கால்வாய் அந்த வறண்ட ஊர்களுக்குக் கட்டாயம் வேண்டும், தேரிக்காட்டு ஓரத்தில் கிணறு வற்றிய வீடுகளைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் கடலுக்குப் போவது வீண் என்ற கணக்கில் புன்னைக்காயல் இல்லவே இல்லை.

திரும்பிப் போகும்போது வழியில் கல்லிடைக்குறிச்சியில் இறங்கி, அந்த விவசாயியிடம் மணல் திட்டு வீடியோவைக் காட்டினோம். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். "சரி, எந்த மாசத்துல எவ்வளவு தண்ணி போனா அவங்க வாய்க்கால் அடையாது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அங்கிருந்தே புன்னைக்காயல் மீனவருக்குப் போன் போட்டுக் கொடுத்தோம். அவர் கன அடியில் சொல்லவில்லை, கார்த்திகையில் பாலத்துத் தூணில் எந்த மட்டம் வரை தண்ணீர் ஏறினால் மணல் அறுபடும் என்று சொன்னார். இவர் அந்த வாரத்தில் கன்னடியனில் எவ்வளவு வழியும் என்று சொன்னார். இருவரும் அண்ணாச்சி, அண்ணாச்சி என்று பேசிக்கொண்டே இருந்தார்கள், நாங்கள் நம்பர்களை இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.